கரியா, மணலா: காலக்கணிப்புக்கு எதை அனுப்புவது?

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் அறிக்கை வந்ததிலிருந்து கடலூர்ப் பக்கத்திலும் இந்தக் கேள்விதான்.

ஏஎம்எஸ் கரிமக் கணிப்பு (கரிமம்-14 அணுக்களை எண்ணி வயது சொல்லும் முறை): சில மில்லிகிராம் கரி போதும். கைபடாமல் இடுக்கியால் எடுத்து அலுமினியத் தாளில் மடிக்கவும்; பஞ்சு வேண்டாம், அதுவும் கரிமம்தான். மர வைரம், அதாவது மரத்தின் பழைய உள்பகுதி, வயதைக் கூட்டிக் காட்டும், நெல்மணி கிடைத்தால் அதுவே மேல். கி.மு. 800–400க்குள் கரிம வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் திருத்த வளைவு தட்டையாகி நூற்றாண்டுகள் குழம்பும். நம்மூர்த் தலைவலியே அதுதான்.

ஓஎஸ்எல் (ஒளியால் தூண்டி மணலின் ஒளிர்வை அளக்கும் முறை): மணல் கடைசியாக வெயில் பட்ட காலத்தைச் சொல்லும். குழிச்சுவரில் இரும்புக்குழாய் அடித்து, வெளிச்சம் புகாமல் இருமுனையும் மூடணும். பிழை பெரும்பாலும் 5–10 சதவீதம். ஈரப்பதம் அளக்காவிட்டால் வயது தப்பும். கடலோர மண்ணில் இது முக்கியம்.

தானியம் இருந்தால் ஏஎம்எஸ். வெறும் வெள்ளப் படிவு என்றால் ஓஎஸ்எல்.