பிரசவ வார்டு வாசலில் பறிபோகும் காசு: காரைக்குடி, தேவகோட்டைப் பெண்கள் கவனத்துக்கு

ஆத்தங்குடிக் கல் பட்டறையிலும் பலகாரக் கடையிலும் வீட்டுவேலையிலும் கூலி வாங்கும் குடும்பங்களிடம் பிரசவக் காசு பறிபோவது பெரும்பாலும் பிள்ளை பிறந்த கால் மணி நேரத்துக்குள்தான். அரசு மருத்துவமனை வார்டு ஊழியர்கள் சிலர் துணியில் சுற்றிய பிள்ளையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையை நீட்டுவார்கள். ஆண் என்றால் ஆயிரம், பெண் என்றால் ஐநூறு. அப்பத்தா முந்தியில் முடிந்திருந்த நோட்டை அவிழ்ப்பார். அந்த நேரத்தில் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது. அப்புறம் ஸ்ட்ரெச்சர் தள்ள, துணி மாற்ற, தையல் பிரிக்க என்று தனித்தனி வசூல்.

ஒரு பைசா கொடுக்க வேண்டியதில்லை. 2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், பரிசோதனை எல்லாமே இலவசம். சாப்பாடு சுகப்பிரசவத்துக்கு 3 நாள் வரை, சிசேரியனுக்கு 7 நாள் வரை. வீடு திரும்ப, 102 எண்ணில் கூப்பிட்டால் வரும் இலவச வண்டி உண்டு. டிஸ்சார்ஜ் என்று சொன்னதுமே வண்டிக்குச் சொல்லிவிடுங்கள். சீட்டு கைக்கு வரும்வரை காத்திருந்தால் ஆட்டோவில்தான் போக நேரும்.

பிள்ளை உள்ளே இருக்கும்போது சண்டை போடுவது எல்லோருக்கும் முடியாது, புரிகிறது. கொடுத்துவிட்டால் தேதி, நேரம், வார்டு, கேட்டவர் எந்த ஷிப்ட் என்பதை அன்றே எழுதிவையுங்கள். வீடு வந்தபின் சுகாதார உதவி எண் 104 அல்லது முதல்வர் உதவி எண் 1100இல் புகார் சொல்லுங்கள். "யாரோ ஒரு ஆயா" என்று சொல்லும் புகார் நிற்காது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருபவர்கள், கணவர் ஊரில் கொடுத்த 12 இலக்க ஆர்சிஹெச் எண்ணை (கர்ப்பப் பதிவு எண்)க் கையோடு கொண்டுவாருங்கள். அது இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழும் அரசு தரும், பணமும் பொருளுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவியும் இழுபடும். எண் வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரை நம்பாதீர்கள். சுகாதார செவிலியர் இலவசமாகவே பதிந்து தருவார்.

பிரசவ அறையில் வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளுவது கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. கர்ப்பப்பை கிழியலாம், பிள்ளைக்கும் அடிபடலாம். தலைப்பிரசவம் என்பதற்காகவே எல்லோருக்கும் கீழே வெட்டுவதும் தேவையில்லை. தையல் போடுவதென்றால் மரப்பு ஊசி போட்டுத்தான் போட வேண்டும். அம்மாவோ அத்தையோ ஒருவர் கூட நிற்கக் கேளுங்கள். ஆள் நின்றால் திட்டும் அடியும் குறையும்.

காசைவிடப் பெரிய மோசம், கேட்காமல் வைக்கும் காப்பர்-டி, அதாவது கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம். நஞ்சுக்கொடி விழுந்த கையோடு, அல்லது 48 மணி நேரத்துக்குள் வைத்துவிடலாம். நல்ல முறைதான். ஆனால் வலியில் கிடக்கும் பெண்ணிடம் கேட்காமலே வைத்து அனுப்புகிறார்கள். உள்ளே இருப்பது தெரியாததால் அவள் பரிசோதனைக்குப் போகமாட்டாள். ரத்தப்போக்கு அதிகமானால் "சூடு" என்று வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பாள். தானாக நழுவி விழுந்தாலும் தெரியாது. அடுத்த பிள்ளை தங்கவில்லையே என்று வருஷக்கணக்கில் கோயில் கோயிலாக அலைந்தபின் ஸ்கேனில் தெரியவரும். பிரசவத்துக்கு முன்பே வேண்டும் அல்லது வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் பி.பி.ஐ.யு.சி.டி. (PPIUCD, பிரசவத்தோடு வைத்த காப்பர்-டி) என்ற ஆங்கில எழுத்துகளோ காப்பர்-டி வகையைக் குறிக்கும் 380 என்ற எண்ணோ இருக்கிறதா என்று படித்தவர் யாரிடமாவது காட்டுங்கள்.

"அங்கே பெட் இல்லை" என்று பயமுறுத்தித் தனியாருக்குத் திருப்பும் தரகர்களும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகத் தனியார் பிரசவங்களில் 100க்கு 64 சிசேரியன், அரசில் 36.

"திருப்தியா?" என்று கட்டிலருகே செவிலியர் நிற்கும்போது கேட்டால், பிள்ளை உயிரோடு கைக்கு வந்த நன்றியில் எல்லோரும் தலையாட்டத்தான் செய்வார்கள். மருத்துவமனைச் சேவை பற்றிக் கணக்கெடுக்க வருபவர்கள் ஒன்றரை மாதத் தடுப்பூசி நாளில் வந்து, தனியாக உட்காரவைத்துக் கேளுங்கள். தாய்மார்களும் அன்று பிள்ளைக்கு ஊசி போட்டதோடு திரும்பிவிடாமல், தையலையும் காப்பர்-டியையும் பார்க்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.