நுனி லூப்பும் நானும்: 5 சீசனுக்கு அப்புறம்

ஃப்ளை ஃபிஷிங் (ஃப்ளை எனும் பொய்ப் பூச்சியை வீசி மீன் பிடிப்பது) பழக ஆரம்பித்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். "அண்ணே, புது லைன் வந்திருக்கு. நுனியிலயே லூப் போட்டு வருது. லீடரை அதுலயே மாட்டிடலாமா, இல்ல வெட்டிட்டு முடிச்சுப் போடணுமா?" லைன் என்பது மேல்பூச்சுள்ள, வீசுகிற தடித்த கயிறு. லீடர் அதற்கும் ஃப்ளைக்கும் நடுவே வரும் மெல்லிய நரம்பு. லூப் என்றால் கண்ணி. அவர் கேட்ட நேரம் அப்படி. முந்தின நாள்தான் என் பழைய லைனின் லூப் அடியில் வெடித்துவிட்டதைப் பார்த்து அதை வெட்டி எடுத்திருந்தேன். கோபம் முழுதாக ஆறவில்லை. ஆனாலும் நியாயமாகவே சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 5 சீசனில் இந்த லூப் ஒருமுறைகூட பிடி விட்டதில்லை. லைன் நுனியை மடித்து, மேல்பூச்சை உருக்கி ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அதன் வலு, லீடரின் நுனியில் நாம் கட்டும் மெல்லிய நரம்பான டிப்பெட்டைவிடப் பல மடங்கு அதிகம். விரல் விறைத்துப்போகும் விடியற்காலையில், லீடரைக் கழற்றி வேறொன்று மாட்ட அரை நிமிடம் போதும். கத்தி வேண்டாம், கண்ணாடி வேண்டாம். லீடரின் லூப்புக்குள் லைனின் லூப்பை நுழைத்து, லீடரின் மறுமுனையை லைன் லூப் வழியாக எடுத்து இழுக்க வேண்டும். இழுக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். இரண்டு கைகள் கோத்துக்கொண்ட மாதிரி, இரு பக்கமும் ஒரே சீராக வந்து உட்கார வேண்டும். ஒரு லூப் மடங்கி மற்றதன் கழுத்தைச் சுற்றி இறுக்கினால் அங்கே மேல்பூச்சு அறுபடத் தொடங்கும். முதல் சீசனில் பல நாள் இதைக் கவனிக்காமல் இழுத்திருக்கிறேன். வெடிப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

என் எரிச்சல் வேறு இடத்தில். அந்த 'டிக்' சத்தம்.

ரீலில் லைனைச் சுற்றி இழுக்கும்போது லூப்பும் லூப்பும் சேர்ந்த அந்தப் புடைப்பு கோலின் நுனி வளையத்தில் இடிக்கும். கையில் சின்னதாக ஒரு தட்டல். வீசும்போது தெரியாது, மீன் இல்லாத நேரத்தில் பொருட்டும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: கோல் 9 அடி, லீடரும் 9 அடி, அதன்மேல் 2 அடி டிப்பெட். மீனை வலைக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் அந்த இணைப்பு வளையத்துக்குள் வந்தே ஆக வேண்டும். வேறு வழியில்லை.

இரண்டு சீசனுக்கு முன்னால் ஒரு மாலை, அந்த ஆண்டில் நான் பார்த்ததிலேயே பெரிய ட்ரவுட். வலையை நீரில் இறக்கிவிட்டேன், மீன் பக்கவாட்டில் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. வலையைக் கண்டதும் ஒரு கடைசி ஓட்டம். லூப் உள்பக்கமாக வளையத்தைத் தாண்டியிருந்தது. திரும்ப வெளியே போகும்போது வளையத்தின் விளிம்பில் முட்டி ஒரு நொடி நின்றது. 5எக்ஸ் டிப்பெட், 0.15 மி.மீ. தடிமன். அந்த ஒரு நொடியே போதும். கோல் நிமிர்ந்துவிட்டது. முடிச்சு அவிழவில்லை, கொக்கி வளையவில்லை. நரம்பு நடுவில் அறுந்து சுருண்டு தொங்கியது. அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

அப்புறம் வெடிப்பு. லூப் அடியில் நகக்கீறல் மாதிரி ஒரு கோடு. அதன் வழியாகத் தண்ணீர் உள்நரம்புக்குள் ஏறியது. மிதக்க வேண்டிய லைனின் நுனி மூழ்க ஆரம்பித்தது, அதோடு நீர்மேல் மிதக்க வேண்டிய உலர் ஃப்ளையையும் கீழே இழுத்தது. பல நாள் லீடரைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வெட்டிய இடத்தில் நெயில் நாட் போட்டேன், ஆணியை வைத்துச் சுற்றிப் போடும் முடிச்சு. ஆணிக்குப் பதில் மெல்லிய குழாய்த் துண்டு இருந்தால் வேலை சுலபம். குழாயை லைன் மேல் வைத்து, 0.50 மி.மீ. நைலான் நரம்பை இரண்டின் மேலும் சேர்த்து 6 சுற்று சுற்றி, நுனியைக் குழாய்க்குள் விட்டு, குழாயை மெதுவாக உருவ வேண்டும். எச்சில் தொட்டு நனைத்துவிட்டு இறுக்குங்கள். உலர்ந்த நைலான் உராய்ந்து சூடாகி வலுவிழக்கும். இறுக்க இறுக்க ஒவ்வொரு சுற்றும் மேல்பூச்சுக்குள் அழுந்துவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சுற்று இருந்தால் தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி போடுங்கள்.

லீடரை மாற்றும் ஒவ்வொரு முறையும் லைனைக் கொஞ்சம் வெட்ட வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். அந்த நைலானை 20 செ.மீ. விட்டு, முனையில் பெர்ஃபெக்ஷன் லூப் என்ற கண்ணி முடிச்சு ஒன்றைப் போட்டால் அது நிரந்தரமாக அங்கேயே இருக்கும். லீடர் அதில் மாட்டிக்கொள்ளும். ஆமாம், லூப் போய்விடவில்லை. ஆனால் இப்போது நைலானும் நைலானும் சேரும் சின்ன இணைப்பு, பூச்சை அறுக்காது, வளையத்தில் நழுவிப் போகிறது. முதல்முறை சத்தமே இல்லாமல் நெயில் நாட் உள்ளே வந்தபோது, மறுபடி வெளியே இழுத்து மறுபடி சுற்றிப் பார்த்தேன்.

இவ்வளவு திட்டினாலும், லைனின் மறுமுனையில் லூப்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. 20 பவுண்டு டேக்ரான் பேக்கிங்கில் (லைனுக்கும் ரீலுக்கும் நடுவே இருக்கும் கூடுதல் நூல்), சுற்றிய லைன் சுருள் முழுதாக நுழையும் அளவு பெரிய லூப் போட்டு வைத்திருக்கிறேன். லைனை மாற்றுவதற்கு ஒரு முடிச்சும் அவிழ்க்க வேண்டாம். 5 சீசனில் அதைத் தொட வேண்டியே வரவில்லை. ரீலோடு பேக்கிங்கைப் பிணைக்கும் ஆர்பர் முடிச்சைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அதுவரை மீன் ஓடினால் பிரச்சினை முடிச்சில் இல்லை. கடலில் பெரிய மீன் பிடிப்பவர்களுக்கு என் நெயில் நாட் யோசனை பொருந்தாது. அந்த இழுப்பில் முடிச்சோடு சேர்ந்து மேல்பூச்சே உரிந்து வந்துவிடலாம்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் நுனி லூப் நல்ல பொருள். வலு இருக்கிறது, வேகம் இருக்கிறது, 5 சீசன் உழைத்திருக்கிறது. புதிதாகப் பழகுபவருக்கு அதைவிட வசதி கிடையாது. நண்பருக்கு இதையெல்லாம் சொல்லிவிட்டு, வெட்டிவிடு தம்பி என்றுதான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ரீலோடு வரச் சொல்லியிருக்கிறேன். என் பழைய லைனில் வெட்டிய துண்டு இருக்கிறது. முதல் பத்து முடிச்சை அதில் போட்டுப் பழகட்டும்.