பழங்கோயில் உழவாரப்பணி: பெருந்திரள் முகாமா, மாதக் குழுவா, வழிகாட்டிப் பணியா?

கோயிலைத் துப்புரவு செய்யும் தொண்டான உழவாரப்பணிக்கு அழைத்தால் ஆள் சேர்வது கடினமில்லை. வந்தவர்களில் யாரிடம் எந்த வேலையைக் கொடுப்பது, யார் யாரைக் கவனிப்பது என்பதில்தான் சிக்கல். தமிழ்நாட்டுப் பழங்கோயில்களில் மூன்று ஏற்பாடுகள் வழக்கத்தில் இருக்கின்றன: கல்லூரி, பள்ளி மாணவர்களை நூற்றுக்கணக்கில் இறக்கும் ஒருநாள் முகாம், ஒரே ஆட்கள் மாதந்தோறும் கூடும் சிறு குழு, மண்வெட்டி தொடாமல், கோயிலுக்கு வருவோருக்கு வழிகாட்டும் பணி. எதைத் தேர்ந்தாலும் முதலில் அனுமதி வாங்குங்கள். அறநிலையத்துறைக் கோயில் என்றால் செயல் அலுவலரிடம். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் அந்தத் துறையிடம், எழுத்து வடிவில். 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் சிறைத்தண்டனை உண்டு. நல்ல எண்ணத்தில் செய்தோம் என்பதால் போன கல்வெட்டு திரும்பி வராது.

பெருந்திரள் முகாம்

பரப்பளவு அதிகம், வேலை எளிது என்றால் இதற்கு ஈடில்லை. மதில்சுவருக்கு வெளியே மண்டிய சீமைக்கருவேலம், குளக்கரைப் பிளாஸ்டிக், வடகிழக்குப் பருவமழைக்கு முன் தூர்ந்து கிடக்கும் மழைநீர் வாய்க்கால் ஆகியவற்றை ஒரே காலையில் முடித்துவிடலாம்.

ஆனால் மேற்பார்வை எளிதில் கைநழுவும். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஓர் அலகுக்கு ஏறத்தாழ 100 மாணவர்கள், ஒரே ஒரு திட்ட அலுவலர். மூன்று பிராகாரம் உள்ள கோயிலில் அவர் ஒருவர் கண்ணில் நூறு பேரும் படமாட்டார்கள். முதல் அரைமணி கழிந்ததும் சிலர் மண்டபக் கூரையில் இருப்பார்கள், சிலர் குளத்துப் படியில் இருப்பார்கள். பழைய கூரைகளில் கற்பலகைக்கு மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பியிருக்கும். விரிசல் விட்ட பலகை மேலிருந்து பார்த்தால் தெரியாது. பத்துப் பேர் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள அது இடமில்லை.

கல்லும் இதே அவசரத்தில்தான் கெடுகிறது. வேலை தீர்ந்த கைகள் கம்பி பிரஷ்ஷை எடுத்துக் கல்வெட்டைத் தேய்க்கும். யாரோ ஆசிட் வாங்கி வருவார்கள். விமானத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடித்து இழுப்பார்கள். வேர் பாதியில் அறும், இணைப்புச் சாந்து பெயரும், மிச்ச வேர் அடுத்த மழையில் இன்னும் தடித்துத் துளிர்க்கும். கன்று கண்ணில் பட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு துறைக்குச் சொல்வதோடு தன்னார்வலர் வேலை முடிந்தது. வேரைச் சாகடித்து இடைவெளியை அடைப்பது பயிற்சி பெற்றவர் செய்யவேண்டியது.

ஆகவே பெருந்திரள் முகாமை மதிலுக்கு வெளியே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு ஒரு பெரியவர், அணிக்கு ஒரு நிறத்தில் கைப்பட்டை, எல்லைக்குக் கயிறு. தொடக்கத்தில், ஒவ்வோர் இடைவேளையில், பேருந்து ஏறுமுன் தலை எண்ணுங்கள். அரிவாள் பிடிப்பவர்களுக்கு இடையே ஆறடி இடைவெளி வேண்டும். ஓர் அணிக்கு இரண்டு அரிவாளுக்கு மேல் கொடுக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் காலை 6 மணிக்குத் தொடங்கி 10 மணிக்கு நிறுத்திவிடுவது நல்லது.

மாதக் குழு

மதிலுக்கு உள்ளே வேலை என்றால் எங்கள் தேர்வு இதுதான். 20 முதல் 25 பேர், பெரும்பாலும் அதே முகங்கள். எந்தத் தூணின் அடியில் பாம்புப் புற்று, எந்தக் கதவு நிலை ஆட்டம் காண்கிறது என்று இவர்களுக்குத் தெரியும். முதல் அரைமணி யாரும் கருவி எடுக்காமல் இருவர் சுற்றிப் பார்த்துவரும் பழக்கம் இங்கேதான் நிலைக்கும். கோபுரத்தில் மலைத்தேனீ அடை, மரத்தில் கதண்டு எனும் பெருங்குளவியின் கூடு, அறுந்து தொங்கும் மின்கம்பி, புதிதாக விழுந்த சுதை (சுண்ணாம்புச் சிற்பத் துண்டு): இவற்றில் எது கண்டாலும் அந்தப் பகுதிக்கு அன்று கயிறு கட்டிவிடவேண்டும். அடைக்குக் கீழே குப்பை கொளுத்துவதும் பறை அடிப்பதும் தேனீயைக் கிளப்பிவிடும். கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடி, கதவு சாத்தக்கூடிய அறைக்குள் போகவேண்டும். குளத்தில் குதிக்கக் கூடாது.

செருப்பு விஷயத்தைப் பலர் பேசுவதில்லை. கோயிலுக்குள் வெறுங்காலோடு புதரில் இறங்குவதுதான் கண்ணாடிச் சில்லு, தேள், விரியன் கடிக்கு நேர்வழி. வெளிப்பிராகாரத்துப் புல்தரைக்கு மட்டும், பணிக்கென்றே தனியாக வைத்த ரப்பர் பூட்ஸுக்குச் செயல் அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்தப் புதரை விட்டுவிட்டு, பெருக்கிய கற்தளத்தில் மட்டும் வேலை செய்யுங்கள்.

பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்டவரைப் படுக்கவைத்து, மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் வைத்து 108-ஐ அழையுங்கள். விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனை எது என்று முந்தைய நாளே விசாரித்து எழுதி வைத்திருக்கவேண்டும்.

வௌவால் எச்சம் குவிந்த அறையை உலர்ந்த நிலையில் பெருக்கினால் தூசியோடு பூஞ்சையும் நுரையீரலுக்குப் போகும். தண்ணீர் தெளித்து நனைத்து, என்95 முகக்கவசம் அணிந்து, அள்ளிப் பையில் கட்டுங்கள். துணியை மூக்கில் கட்டுவது போதாது. அந்த அறையில் சுவரோவியம் இருந்தால் தண்ணீரே கூடாது, வேலையும் கூடாது.

இந்த ஏற்பாட்டின் குறை, பழக்கம் தரும் துணிச்சல். பல ஆண்டு வந்தவர் ஏணி இல்லாமல் விமானம் ஏறுவார். தூர்ந்த கிணற்றில் கயிறு கட்டி இறங்குவார். பழங்கிணற்றின் அடியில் மூச்சுக்காற்று இல்லாமல் போயிருக்கலாம். முதலில் இறங்கியவர் மயங்க, காப்பாற்ற இறங்கியவரும் மயங்கி இருவரும் இறக்கும் விபத்து இப்படித்தான் நேர்கிறது. கிணற்றில் தன்னார்வலர் இறங்கவே கூடாது, விதிவிலக்கு எதுவும் கிடையாது. மூத்தவரிடம் ‘வேண்டாம் ஐயா’ என்று சொல்லக்கூடிய ஒருவரைப் பாதுகாப்புப் பொறுப்பாளராக வையுங்கள். அன்று அவர் வேறு வேலை செய்யக் கூடாது.

வழிகாட்டிப் பணி

உடலுக்கு ஆபத்து குறைவு. கல்லுக்கு அநேகமாக ஆபத்தே இல்லை. சிற்பத்தில் கை வைப்பவரிடம் பேசுவது, கல்வெட்டின் செய்தியைச் சொல்வது, பிரதோஷக் கூட்டத்தில் முதியோருக்கு வழி காட்டுவது என வேலைக்குப் பஞ்சமில்லை. இங்கே தொல்லை மனிதர்களிடமிருந்து வரும். தடுத்தால் சண்டைக்கு வருபவர் உண்டு. காசு நீட்டுபவர் உண்டு. இளையவர்கள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுக் காவலரிடம் விட்டுவிடவேண்டும். காசு வாங்கவே கூடாது. வாங்கினால் உரிமம் பெற்ற வழிகாட்டிகளோடு தகராறு வரும், அனுமதியும் போகும். கீழக்குயில்குடி சமணர் மலை போன்ற குன்றுகளில் முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒரு பெரியவர் இல்லாமல் குழு ஏறக் கூடாது. மழைக்குப் பின் பாறை வழுக்கும், நடுப்பகலில் சுடும்.

18 வயது நிரம்பாதவர்கள்

கல்லூரி முதலாண்டிலேயே 17 வயதினர் இருப்பார்கள். இதை மறந்துவிட்டு எல்லாரையும் ‘மாணவர்கள்’ என்று ஒரே பட்டியலில் போடுவது வழக்கமான தவறு. வயதைக் கேட்டு எழுதுங்கள்.

பிள்ளைகள் மூன்று விதமாக வருகிறார்கள்: பெற்றோரோடு, பள்ளியோடு, தனியாக. பெற்றோரோடு வருவதே மிகப் பாதுகாப்பானது. மாதக் குழுவுக்கும் பொருந்துவது. பள்ளியோடு வந்தால் ஆசிரியர் பொறுப்பு என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம், அவரோ இடம் உங்களுடையது என்று நினைக்கிறார். யார் எதற்குப் பொறுப்பு என்பதை முன்பே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தனியாக வரும் 16 வயதுப் பையனையோ பெண்ணையோ பெற்றோரின் ஒப்புதல் கடிதமும், கூப்பிட்டால் எடுக்கும் ஒரு கைப்பேசி எண்ணும் இல்லாமல் சேர்க்காதீர்கள். அவர்களுக்கு வழிகாட்டிப் பணியே முதல் தேர்வு.

14 முதல் 18 வயதினரை ஆபத்தான வேலைகளில் அமர்த்தக் கூடாது என்கிறது வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம். அது தொழிலாளருக்கானது என்றாலும் நமக்கு நல்ல அளவுகோல். அரிவாள், கடப்பாரை, ஏணி, கூரை, குளத்தின் நனைந்த படி, வௌவால் அறை எதுவும் அவர்களுக்கு இல்லை. விளக்கு துலக்குதல், கற்தளம் பெருக்குதல், பூச்செடி, தண்ணீர் வழங்குதல், பதிவேடு எழுதுதல் அவர்களுடையவை.

எப்போதும் இரண்டு பெரியவர்கள் கண் பார்வையில் இருக்கவேண்டும், பெண் பிள்ளைகள் இருந்தால் ஒருவராவது பெண். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக மடைப்பள்ளிக்கோ பொருள் அறைக்கோ போகக் கூடாது, வண்டியில் தனியே ஏற்றிக்கொண்டு போகவும் கூடாது. வாட்ஸ்அப்பில் பேசுவதென்றால் பெற்றோரும் இருக்கும் குழுவில் பேசுங்கள். படம் போட்டால் பெயரும் பள்ளியும் போடாதீர்கள்.

ஒரு பிள்ளை பாலியல் தொல்லை நடந்ததாகச் சொன்னால் குழுவுக்குள் பஞ்சாயத்து வைக்க நமக்கு உரிமை இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாகவேண்டும். மறைத்தால் 21-ஆம் பிரிவில் தண்டனை. குற்றம் சாட்டப்பட்டவர் குழுவை நிறுவியவரே ஆனாலும் இதுதான் வழி. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டி, புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் காட்டுங்கள்.