எர்த்தைச் சரிசெய்வதா, ஐசோலேட்டர் போடுவதா? காரில் ஊளையிடும் ஸ்பீக்கருக்கு எது மருந்து

விடியற்காலை ஐந்து மணிக்கு மாட்டுத்தாவணியிலிருந்து ஒத்தக்கடை வரை போய்த் திரும்பினால் போதும், காருக்குள் என்ன இரைச்சல் இருக்கிறது என்று தெரிந்துவிடும். யானைமலை தெரியும் இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, வால்யூமை அப்படியே வைத்து, ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்திப் பார்ப்பேன். மூன்று மாதம் என் கார் அழுத்த அழுத்த ஊளையிட்டது. அந்த மூன்று மாதத்தில் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தவன் என்பதால் எது எதற்கு ஆகும் என்று எழுதுகிறேன்.

என்னுடையது ஆக்டிவ் செட்டப். ஸ்டீரியோவிலிருந்து டிஎஸ்பி (பாட்டை ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), அங்கிருந்து ஆம்ப் (சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப்ளிஃபையர்). கீச்சு ஒலிக்கான ட்வீட்டருக்குத் தனி சேனல், கதவு ஸ்பீக்கருக்குத் தனி சேனல், பேஸுக்கான சப்வூஃபருக்குத் தனி. சாதாரண செட்டில் ட்வீட்டருக்கு முன்னால் எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்கு என்று பிரிக்கும் கிராஸ்ஓவர் டப்பா ஒன்று இருக்கும். அதிலுள்ள ரெசிஸ்டர் பாட்டின் சத்தத்தோடு இரைச்சலையும் கொஞ்சம் அடக்கிவிடும். ஆக்டிவில் அந்தத் தடுப்பு கிடையாது. ஆம்ப் என்ன அனுப்புகிறதோ அது அப்படியே ட்வீட்டரில் வந்து நிற்கும். அதனால்தான் சாதாரண செட்டில் காதில் படாத குறைகூட இங்கே பளிச்சென்று கேட்கிறது.

முதலில் சத்தத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்று வந்தால் அது வேறு கதை, பின்னால் வருகிறேன். ஆர்பிஎம் ஏற ஏற 'ஊய்ங்' என்று கூடவே ஏறினால் அது ஆல்டர்நேட்டர் ஊளை. இன்ஜின் சுழற்றும் மின் ஜெனரேட்டரான ஆல்டர்நேட்டர், மூன்று ஃபேஸ் மின்சாரத்தை டயோடுகளால் டிசி ஆக்குகிறது. அது முழுக்கச் சமதளமாக வராது, சிற்றலை மிச்சம் இருக்கும். 12 துருவ ஆல்டர்நேட்டர், புல்லி விகிதம் 2.5 (இன்ஜின் ஒரு சுற்றுக்கு ஆல்டர்நேட்டர் இரண்டரைச் சுற்று) என்று வைத்துக் கணக்குப் போட்டால் 800 ஆர்பிஎம் ஐடிலில் அந்தச் சிற்றலை 1200 ஹெர்ட்ஸ். 2000 ஆர்பிஎம்மில் 3000 ஹெர்ட்ஸ். மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் இடம் அது. டிஎஸ்பிக்குள் என் கிராஸ்ஓவரை 2800 ஹெர்ட்ஸில் வைத்திருக்கிறேன், அதற்குக் கீழே கதவு ஸ்பீக்கர், மேலே ட்வீட்டர். அதனால் ஐடிலில் கதவிலிருந்து வந்த ஊளை, இன்ஜின் வேகம் பிடித்ததும் டேஷ்போர்டு மேலே ட்வீட்டருக்கு ஏறிவிடும். இரண்டு ஸ்பீக்கரும் கெட்டுவிட்டன என்று பயந்திருந்தேன். ஒரே சத்தம்தான் வீடு மாறியிருக்கிறது.

இந்த ஊளைக்குப் போட்டி போடும் மருந்துகள் இரண்டு. ஒன்று, பெட்டிக்குப் பெட்டி பாட்டைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயருக்கு நடுவில் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் போடுவது, அதாவது எர்த் கம்பிகள் சேர்ந்து உண்டாகும் வளையத்தை (லூப்) அறுக்கும் டப்பா. இன்னொன்று, எர்த்தை, அதாவது கார் பாடியோடு சேரும் நெகட்டிவ் இணைப்பை, முறையாகப் பிடிப்பது.

ஐசோலேட்டருக்கு ஆதரவாளர்கள் அதிகம். சில நூறு ரூபாய், இரண்டு நிமிஷ வேலை. டவுன்ஹால் ரோட்டில் வாங்கி வந்து ஸ்டீரியோவுக்கும் டிஎஸ்பிக்கும் நடுவில் சொருகினேன். ஊளை உடனே நின்றது. உள்ளே இருப்பது இரண்டு சின்ன டிரான்ஸ்பார்மர். பாட்டு காந்தப்புலம் வழியாகத் தாண்டிவிடும், எர்த் கம்பி மட்டும் அறுந்துவிடும். லூப் போனால் ஊளையும் போகும்.

ஆனால் அன்று மாலையே ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டேன். தவிலில் வலந்தலை (வலது முகம்) தெளிவாகத்தான் இருந்தது. தொப்பியில் (இடது முகம்) கம்பு விழும்போது வயிற்றில் இறங்க வேண்டிய அந்த 'தொம்' மட்டும் சப்பென்று கேட்டது. விலை குறைந்த டிரான்ஸ்பார்மரின் சின்ன இரும்பால் அடி ஸ்வரங்களைத் தாங்க முடியாது. திணறும், உருவம் மாறும். நல்ல டிரான்ஸ்பார்மர் வைத்த ஐசோலேட்டரும் கடையில் உண்டு, ஆனால் அந்த விலைக்கு நல்ல எர்த் வயர் முழுசாக வாங்கிவிடலாம். இன்னொன்று, லூப் டிஎஸ்பிக்கும் ஆம்புக்கும் நடுவில் இருந்தால் ஆறு சேனலுக்கு மூன்று ஐசோலேட்டர் வேண்டும்.

இனி எர்த். புதூர் பக்கம் ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் போனேன். "அண்ணே, அந்த டப்பாவக் கழட்டுங்க, மொதல்ல மீட்டர் வச்சுப் பாப்போம்" என்றான். பேட்டரி நெகட்டிவில் நீள வயர் ஒன்றை கிளிப்பால் மாட்டி, அதைப் பின்சீட்டு வரை இழுத்து, மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறு முனையை ஆம்பின் எர்த் முனையிலும் வைத்தான். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, பாட்டும் நல்ல சத்தத்தில். பேஸ் விழும்போதெல்லாம் மீட்டர் 0.6 வோல்ட் வரை துள்ளியது. இரண்டும் நெகட்டிவ், பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டிய இடம் அது. ஆம்பின் எர்த்துக்கும் ஸ்டீரியோவின் எர்த்துக்கும் இப்படி வித்தியாசம் இருந்தால், மின்சாரம் ஆர்சிஏ வயரின் மேல்உறை வழியாகக் குறுக்குப் பாதை தேடும். ஆம்ப் அதையும் பாட்டு என்று நினைத்துப் பெரிதாக்கிவிடும்.

பின்சீட்டைத் தூக்கி ஆம்பின் எர்த் போல்ட்டைக் கழற்றினோம். வயர் முனையின் வளையமான லக்குக்கு அடியில் பெயின்ட் சுரண்டப்படவே இல்லை. முன்பு பொருத்தியவர்கள் பெயின்ட் மேலேயே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். மறையில் பட்ட கொஞ்ச இரும்பு வழியாகத்தான் மொத்த எர்த்தும் போயிருக்கிறது. உப்புத்தாள் வைத்து ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தேய்த்தான். வெள்ளை பெயின்ட், அப்புறம் சாம்பல் பிரைமர், அப்புறம் வெள்ளியாக இரும்பு. பற்கள் உள்ள வாஷர் போட்டு முடுக்கி, துரு ஏறாமல் மேலே கிரீஸ் தடவினான். பானட்டைத் திறந்தால் பேட்டரி நெகட்டிவ் பாடியில் சேரும் இடத்திலும் களிம்பு. அதையும் சுத்தம் செய்தோம். மீட்டர் 0.1 வோல்ட்டுக்கு இறங்கியது. ஊளை முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்குக் காரணம், சீட்டுக்கு அடியில் தனி ஸ்குரூவில் இருந்த டிஎஸ்பியின் எர்த். அதையும் ஆம்ப் இருக்கும் போல்ட்டுக்கே கொண்டு வந்ததும் அமைதி. அரை நாள் வேலை, தவிலும் பழையபடி முழங்கியது. என் ஓட்டு எர்த்துக்குத்தான், அதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விலை உயர்ந்த ஆர்சிஏ வயர் மாற்றினேன், ஊளை ஒரு இழைகூடக் குறையவில்லை. லூப்பை வயர் உடைக்காது. பவர் கேபிளும் ஆர்சிஏவும் ஒரே பக்கமாகக் கட்டிப் போயிருந்தால் எதிரெதிர்ப் பக்கம் பிரித்துவிடுங்கள், அதற்குக் காசே வேண்டாம். பவர் லைனில் போடும் சோக் ஃபில்டர், ஸ்டீரியோவின் பாசிட்டிவ் வழியாக இரைச்சல் நுழைந்தால் மட்டும் உதவும். பேட்டரி முனைகளில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அரை வோல்ட் காட்டினால் ஆல்டர்நேட்டரின் டயோடு போயிருக்கலாம். ஆல்டர்நேட்டரைப் பார்க்காமல் ஆடியோவில் காசு கொட்டாதீர்கள்.

எது வாங்குவதற்கு முன்னும் ஒரு சோதனை. பழைய ஆர்சிஏ பின் ஒரு ஜோடி எடுத்து, நடு ஊசியையும் வெளி வளையத்தையும் சால்டர் வைத்து இணையுங்கள். ஆம்பில் அதைச் சொருகியும் ஊளை இருந்தால் குற்றவாளி ஆம்ப் பக்கம். போய்விட்டால் ஆம்புக்கு முன்னால், டிஎஸ்பி, ஸ்டீரியோ பக்கம் தேட வேண்டும். ஆனால் ஆம்ப் ஆனில் இருக்கும்போது ஆர்சிஏவைப் பிடுங்கவே கூடாது. அந்த 'டப்' நேராக ட்வீட்டருக்குப் போய் காயிலை எரித்துவிடும். என் 4 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் 47 மைக்ரோஃபேரட் நான்-போலார் கெப்பாசிட்டர் போட்டிருக்கிறேன். சுமார் 850 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது தடுக்கத் தொடங்கும், பாட்டில் கை வைக்காது.

சரி, அந்த 'ஸ்ஸ்ஸ்'. எர்த் சரியானதும் அதுதான் தனியாகக் கேட்டது. இங்கே போட்டி, கெயினை (ஆம்ப் சிக்னலை எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்ற அளவு) குறைப்பதா, 4 வோல்ட் ப்ரீஅவுட் (ஆம்ப் பக்கம் ஸ்டீரியோ அனுப்பும் சிக்னலின் வோல்ட்) உள்ள ஸ்டீரியோ வாங்குவதா. 2 வோல்ட்டிலிருந்து 4 வோல்ட்டுக்குப் போனால் ஆம்ப் கெயினை 6 டெசிபல் குறைக்கலாம், இரைச்சலும் அவ்வளவு இறங்கும். நல்ல வழிதான், செலவு அதிகம். நான் முதலில் ட்வீட்டர் சேனலைப் பார்த்தேன். டிஎஸ்பியில் ட்வீட்டரை 9 டெசிபல் குறைத்துவிட்டு, ஆம்பில் கெயினைப் பாதிக்கு மேல் திறந்து வைத்திருந்தார்கள். முன்னால் குறைத்து பின்னால் ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். டிஎஸ்பியைத் திரும்ப ஏற்றி, ஆம்பில் அதே அளவு இறக்கினேன். பாட்டின் சத்தம் மாறவில்லை, 'ஸ்ஸ்ஸ்' ட்வீட்டரில் காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கிறது. ஸ்டீரியோ மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டேன்.

கழற்றிய ஐசோலேட்டர் இப்போது திருமங்கலத்தில் என் மாமா காரில் இருக்கிறது. அவர் போனை சார்ஜரில் சொருகி, ஆக்ஸ் வயரில் பாட்டு கேட்பவர். சார்ஜர் போட்டால் ஊளை, எடுத்தால் அமைதி என்று இருந்தது. சப்வூஃபர் கிடையாது, கம்பெனி ஸ்பீக்கர்தான். அந்த இடத்துக்கு அது சரியாகப் பொருந்திவிட்டது.