சிறுநீர்ப்பையை அகற்றிய பின்: வெளியே ஒரு பையா, உள்ளே புதுப் பையா?

புற்றுநோய்க்காகச் சிறுநீர்ப்பையை முழுவதும் அகற்ற நேர்வோர் முன் மருத்துவர் பெரும்பாலும் இரண்டு வழிகளை வைப்பார். முதலாவது இலியல் கான்ட்யூட்: சிறுகுடலில் ஏறத்தாழ 15 செ.மீ. துண்டைப் பிரித்து, சிறுநீரகங்களிலிருந்து வரும் இரு குழாய்களையும் அதில் இணைத்து, மறுமுனையை வயிற்றின் வலப்பக்கத்தில் ஸ்டோமாவாக, அதாவது சிறுநீர் வெளியேறும் திறப்பாக, வெளியே கொண்டுவருவார்கள். சிறுநீர் இடைவிடாமல் தோலில் ஒட்டிய பைக்குள் வடியும். அமெரிக்க அறுவை மருத்துவர் யூஜின் பிரிக்கர் 1950-இல் இம்முறையைப் பரவச் செய்தார். இரண்டாவது நியோபிளாடர்: 40 முதல் 60 செ.மீ. வரை குடலை எடுத்துப் பை போலத் தைத்து, சிறுநீர் உடலைவிட்டு வெளியேறும் இயல்பான குழாயான சிறுநீர்த் தாரையுடனேயே பொருத்துவது. நான் தேர்ந்தது முதலாவதை. ஆகவே இது நடுநிலையான அலசல் அன்று.

வெளித்தோற்றத்தில் நியோபிளாடருக்கே வெற்றி. அதில் வாதிட ஒன்றுமில்லை. ஆயினும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், சிறுநீர்த் தாரையில் புற்று பரவியவர்களுக்கும் அது பொதுவாக ஏற்றதன்று.

எனக்குத் தீர்ப்புச் சொன்னது இரவுதான். குடலால் ஆன பைக்கு, நிரம்பியதைப் பழைய பை உணர்த்தியதுபோல் உணர்த்தத் தெரியாது. ஆகவே கடிகாரம் பார்த்துக் கழிக்க வேண்டும், இரவிலும் அலாரம் வைத்து எழ வேண்டும். பகற்கசிவு சில மாதங்களில் அடங்கினாலும், இரவுக்கசிவு பலருக்குத் தொடர்கிறது. சிறுநீர் முழுவதும் வெளியேறாதவர்கள் தாமே வடிகுழாய் செலுத்திக்கொள்ள நேரும். சிறுநீர் குடற்சுவரோடு நெடுநேரம் தேங்குவதால் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடக்கூடும்; சிலருக்குச் சோடா மாத்திரையும் தேவைப்படும். இவையெல்லாம் மருத்துவரிடமும் நியோபிளாடர் உள்ளவர்களிடமும் கேட்டறிந்தவையே, என் அனுபவம் அல்ல. நானோ படுக்குமுன் பையின் அடிமுனையில் இரண்டு லிட்டர் இரவுப்பையை மாட்டிவிட்டு விடியும்வரை உறங்குகிறேன்.

பகற்பராமரிப்பும் கைப்பழக்கத்தில் வந்துவிடுகிறது. பை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நிரம்பியதும் காலி செய்துவிட வேண்டும். எடை ஏறினால் ஒட்டு பிடுங்கிக்கொள்ளும். பையைத் தோலில் பிடித்திருக்கும் ஒட்டுத்தட்டை மூன்று, நான்கு நாளுக்கொருமுறை, காலையில் காப்பிகூடக் குடிக்காமல் மாற்றுவது நல்லது, அப்போதுதான் வடிவது குறைவாக இருக்கும். தட்டின் துளை ஸ்டோமாவைவிட 2 முதல் 3 மி.மீ. மட்டுமே பெரிதாக இருக்கட்டும். அதற்கு மேல் தோல் திறந்திருந்தால் சிறுநீர் பட்டுப் புண்ணாகும். முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் ஸ்டோமா சுருங்குவதால் ஒவ்வொரு முறையும் அளந்தே வெட்ட வேண்டும். சிறுநீரில் சளி போல மிதப்பது குடலின் சுரப்பு, அஞ்ச வேண்டியதில்லை. அறுவைக்கு முன்பே உட்கார்ந்தும் நின்றும் படுத்தும் இடம் குறிக்கச் சொல்லுங்கள். வேட்டியோ பெல்ட்டோ இறுகும் வரியில் ஸ்டோமா அமைந்தால் ஆயுள் முழுதும் தொல்லை.

கான்ட்யூட்டின் குறைகளும் உண்மையானவை. பைச்செலவு ஓயாது, கோடை வியர்வையில் ஒட்டு விரைவில் விடும், ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் வரக்கூடும் என்பதால் பளு தூக்குவதில் கவனம் வேண்டும். இளவயதினர், இரவில் எழுவதைப் பொருட்படுத்தாதவர், வடிகுழாய்க்கு அஞ்சாதவர் நியோபிளாடரை நாடினால் நான் தடுக்கமாட்டேன்.