வார்ஃபரினா, அபிக்ஸபானா: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு எது?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் துடிப்பது) இருந்து பக்கவாத ஆபத்தும் கூடுதலாக இருந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டும். வார்ஃபரினும் அபிக்ஸபானும் அந்த வகை மாத்திரைகள். ஆஸ்பிரின் அந்த வேலையைச் செய்யாது. வால்வுக் கோளாறு இல்லாதவருக்கு என் தேர்வு அபிக்ஸபான். 2011-இல் வெளியான அரிஸ்டாட்டில் ஆய்வில் 18,201 பேர் இருந்தார்கள். வார்ஃபரினோடு ஒப்பிட்டால் அபிக்ஸபான் எடுத்தவர்களிடம் பக்கவாதமும் பிற உறுப்புகளில் ரத்தக்கட்டி அடைப்பதும் 21 சதவீதம் குறைவு, பெரிய ரத்தக்கசிவு 31 சதவீதம் குறைவு. விலைதான் முன்பு தடையாக இருந்தது. ஜெனரிக் வந்தபின் அதுவும் தளர்ந்துவிட்டது.

இந்த எண்களே இல்லாவிட்டாலும் ஐ.என்.ஆர். பரிசோதனை (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுவது) ஒன்றுக்காகவே வார்ஃபரினைத் தவிர்ப்பேன். ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இறங்கினால் ரத்தக்கட்டி, ஏறினால் ரத்தக்கசிவு. வார்ஃபரின் புதிய உறைவுக் காரணிகள் (ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள்) உருவாவதைத்தான் தடுக்கிறது. ரத்தத்தில் ஏற்கெனவே இருப்பவை தீர நாளாகும். அதனால் இன்று டோஸை மாற்றிவிட்டு நாளை ரத்தம் எடுத்துப் பார்த்துப் பயனில்லை, நான்கைந்து நாள் பொறுக்க வேண்டும். மாற்றும்போதும் ஒரு வாரத்து மொத்த அளவில் 5 முதல் 20 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது.

ரத்தம் எடுக்கும் இடத்திலேயே தவறு நடக்கலாம். நீல மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் திரவம் 0.3 மி.லி. இருக்கும், அதில் 2.7 மி.லி. ரத்தம் சேர வேண்டும். நரம்பு சரியாகக் கிடைக்காமல் பாதிக் குழாயோடு நிறுத்தினால் சிட்ரேட் மிஞ்சி ஐ.என்.ஆர். பொய்யாக உயரும். அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் நோயாளி பாதுகாப்பில்லாமல் நிற்பார். கசிவு ஏதும் இல்லாமல் திடீரென்று எகிறிய எண்ணைப் பார்த்தால், டோஸில் கை வைக்குமுன் மறுபடி ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

மருந்துக் கடையிலும் ஆபத்து இருக்கிறது. வயிற்றுப்போக்குக்கு வாங்கும் மெட்ரோனிடசோல், படைக்குத் தரும் ஃப்ளுகோனசோல், கிருமித் தொற்றுக்குத் தரும் கோட்ரைமாக்சசோல் மூன்றுமே ஐ.என்.ஆரை ஏற்றிவிடும். காய்ச்சலில் சாப்பாடு இறங்காத நாட்களிலும் ஏறும். கீரை ஐ.என்.ஆரை இறக்கும் என்று அதை அறவே நிறுத்தச் சொல்வது தவறு. வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும். மாதம் ஒரு முறை பஸ் ஏறி வந்து பரிசோதிக்க முடியாதவரிடம் இத்தனையையும் சுமத்துவது நியாயமில்லை.

அபிக்ஸபானில் தவறு நடப்பது டோஸில். 5 மி.கி. காலையும் இரவும். வயது 80 அல்லது மேல், எடை 60 கிலோ அல்லது கீழ், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) 1.5 மி.கி./டெ.லி. அல்லது மேல்: இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5 மி.கி. மெலிந்த உடம்பைப் பார்த்ததும் பாதியாக்கிவிடுவதை அடிக்கடி காண்கிறோம். 65 வயது, 52 கிலோ, கிரியேட்டினின் 0.9 என்றால் முழு டோஸ்தான். ஏறக்குறைய 12 மணி நேரத்தில் மருந்தின் அளவு பாதியாகிவிடும் என்பதால் இரவு மாத்திரையை விட்டால் விலை உண்டு. வருடத்துக்கு ஒரு முறையாவது கிரியேட்டினினும் ஹீமோகுளோபினும் பார்க்க வேண்டும். வார்ஃபரினோ அபிக்ஸபானோ, எதை எடுத்தாலும் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் எடுக்கவே கூடாது.

ரத்தம் உறையாமல் தடுக்க வேறு இரண்டு மருந்துகளும் உண்டு. ரிவரோக்சபான் ஒரு வேளைதான், ஆனால் வயிறு நிறையச் சாப்பிட்டபின் எடுக்காவிட்டால் உடம்பில் சரியாக ஏறாது. டபிகட்ரான் பெரும்பாலும் சிறுநீரகம் வழியே போகிறது, கேப்ஸ்யூலைப் பிரித்துக் கொட்டிக் கொடுக்கவும் கூடாது.

வார்ஃபரினை விட முடியாத இடங்களும் உண்டு. உலோக வால்வு வைத்தவருக்கு அதுதான். ருமாட்டிக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு சுருங்கியவருக்கும் அதுதான்: 2022-இல் வந்த இன்விக்டஸ் ஆய்வில் ரிவரோக்சபான் எடுத்தவர்களைவிட வார்ஃபரின் வகை எடுத்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. நம் நாட்டில் ருமாட்டிக் வால்வு நோய் இன்னும் இருப்பதால், எக்கோ (இதய ஸ்கேன்) பார்க்காமல் அபிக்ஸபான் எழுதாதீர்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் ஓடும்போது அபிக்ஸபானின் அளவு சரிந்துவிடும். அப்போது வார்ஃபரினுக்குப் போய், அடிக்கடி ஐ.என்.ஆர். பார்த்து டோஸை ஏற்ற வேண்டியிருக்கும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு இரண்டுக்குமே சான்று குறைவு, சிறுநீரக மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

வார்ஃபரினிலிருந்து மாறும்போது அதை நிறுத்தி, ஐ.என்.ஆர். 2-க்குக் கீழே வந்தபின் அபிக்ஸபானைத் தொடங்குங்கள். எதிர்த்திசையில் மாறும்போது இரண்டும் சில நாள் சேர்ந்து ஓடும். அபிக்ஸபானே ஐ.என்.ஆரைக் கொஞ்சம் ஏற்றிக் காட்டும் என்பதால், அதன் அடுத்த மாத்திரைக்குச் சற்று முன்பு ரத்தம் எடுக்க வேண்டும்.