கிரெனோபிள் பாஸ்டில் கோட்டை: கேபிள் காரா, நடையா?

பிரான்சின் கிரெனோபிள் நகரத்துக்கு மேலே நிற்கும் பாஸ்டில் கோட்டைக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. இசேர் ஆற்றங்கரையில் கேபிள் கார் ஏறலாம். எதிர்க்கரையிலிருந்து நடந்தும் ஏறலாம். இரண்டு விதமாகவும் போயிருக்கிறேன். யார் கேட்டாலும் நடக்கத்தான் சொல்கிறேன்.

கேபிள் காரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. 1934 முதல் ஓடுகிறது. 1976-ல் வந்த உருண்டைக் கூண்டுகளை ஊரார் ‘குமிழிகள்’ என்றே அழைக்கிறார்கள். ஆற்றைத் தாண்டிச் சில நிமிடங்களில் 260 மீட்டருக்கு மேல் தூக்கிவிடும். முதியவர்களோடு போனால் அதுவே சரி.

ஆனால் குமிழியில் வருபவர்கள் மேலே இறங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, நகரத்தையும் பனிமலைகளையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோட்டை அவர்கள் முதுகுக்குப் பின்னால் கிடக்கிறது. 1823-ல் தளபதி ஆக்ஸோ இதைக் கட்டத் தொடங்கியபோது, பக்கத்திலிருந்த சவோய் அயல்நாடு. எதிரி கீழே ஆற்றைக் கடந்து வருவான் என்பதைவிட, பின்னாலுள்ள ஷார்த்ரேஸ் மலையிலிருந்து இறங்கிவிடுவான் என்ற பயமே பெரிது. ஆகவே பாஸ்டில் நகரத்துக்கு முதுகைக் காட்டி, மலையைப் பார்த்து நிற்கும் கோட்டை. 1860-ல் சவோய் பிரான்சோடு சேர்ந்ததும் அந்த எல்லையே இல்லாமல் போயிற்று.

நடந்தால் இது தானாக விளங்கும். மதில் கூடவே ஏறி வருகிறது. படிகள் சில இடங்களில் மதிலுக்குள்ளேயே நுழைகின்றன. கோட்டைக்குச் சற்று மேலே மாந்த்ரேன் குகைகள். 1755-ல் கொல்லப்பட்ட கடத்தல்காரன் மாந்த்ரேனின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாலும், அவை 1840-களில் கோட்டையின் பின்புறத்தைக் காக்கப் பாறையில் குடைந்தவை. கைப்பேசி வெளிச்சத்தில் ஈரச் சுவரைத் தடவியபடி போனேன். துப்பாக்கித் துளைகள் வந்த இடங்களில் மட்டும் பகல் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. கேபிள் காரில் போன முறை இப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

ஏற எனக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆயிற்று. நான் ஏறியது காய்ந்த இலையுதிர் காலத்தில். பனி விழுந்த படிகளில் ஏறியதில்லை, அதனால் குளிர்காலத்துக்கு என் பேச்சை நம்பிக் கிளம்ப வேண்டாம். இறங்கும்போது முழங்காலை வருத்தாமல் ஒருவழி டிக்கெட் எடுத்துக் குமிழியில் உட்காருங்கள். மூச்சு வாங்க ஏறிய மதில் வளைந்து வளைந்து காலடியில் இறங்குவதை அப்போது பார்க்கலாம்.